கிழிகாதனைக் காட்டிக்கொடுத்தவன்

"யாரு செத்தாங்க?" என்று கேட்டார் ஆர்லன் ஷிமெக்.

சமையலறை மேஜை மேல் இரண்டு தட்டு நிறையப் பூசணிக்காய் கேக். அடுப்பில் இன்னொன்று வெந்துகொண்டிருந்தது. மார்லிஸ் இவ்வளவு கேக் சுட்டால் ஊரில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிரியார் சாப்பிட வருகிறார் என்று பொருள்.

"யாரும் சாகலை. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. டிவிக்காரங்க வர்றாங்க."

"நம்ம டிவி நல்லாத்தானே ஓடுது?"

"ரிப்பேர் பண்றவங்க இல்லை, டிவியிலயே வர்றவங்க. 'கொம்புக் காய்ச்சல்'னு ஒண்ணு போடுவானே, மான் வேட்டை, அந்த காஷ் டெலானி. சனிக்கிழமை சீசன் தொடங்குதில்ல? நம்ம காட்டுல வந்து படம் பிடிக்கிறாங்களாம். போன் வந்துச்சு. சரின்னுட்டேன்."

ஆர்லன் ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தார். இன்னொன்றைக் கழற்ற மறந்துபோனார்.

ஹெம்லாக் கார்னர்ஸில் டிவி வேட்டைக்காரர்களை யாருக்குமே பிடிக்காது. ஆனால் ஊர்க்காரர்களின் வெறுப்பெல்லாம் மேலோட்டமானது. ஆர்லனுடையது ஆழமானது. மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டும் அவர், குளிர்காலம் முழுக்க அந்த லாரிக்குள் தனியாக உட்கார்ந்து காஷ் டெலானியைத் திட்டிக்கொண்டே ஐம்பது மைல் ரோட்டைச் சுத்தம் செய்துவிடுவார். அந்த ஆளின் பல் வெள்ளை. துப்பாக்கியில் சேறு ஒட்டியதே கிடையாது. மான் விழுந்ததும் கோல் போட்டவன் மாதிரி முஷ்டியை ஆட்டுகிறான். வேலிக்குள் வளர்ந்த மானைச் சுட்டுவிட்டு, இமயமலை ஏறி இறங்கியவன் மாதிரி மூச்சு வாங்குகிறான். எந்த வாரம் என்ன தப்புச் செய்தான் என்பது ஆர்லனுக்கு விரல் நுனியில் இருந்தது.

"நம்மள ஏன் கூப்பிட்டான்?"

"நம்மளத் தேர்ந்தெடுத்திருக்காங்களாம்."

"எதுக்குன்னு கேட்டியா?"

"எத்தனை பேரு சாப்பிடுவாங்கன்னு கேட்டேன். ரெண்டு பேராம். அந்த டெலானி பால், சீஸ் எதுவும் தொடமாட்டாராம்."

"சீஸுக்கே பேர்போன விஸ்கான்சினுக்கு வர்றவன் சீஸ் தொடமாட்டானா!" என்று கத்தினார் ஆர்லன். அவருடைய பட்டியலில் இது புதிது.

உடனே போனை எடுத்தார். மார்லிஸ் குறித்து வைத்திருந்த எண்ணில், பிரென்ட் என்று ஒருவன் தேனாகப் பேசினான்.

"ஆர்லன் சாரா! நேர்ல பேசுற மாதிரி இருக்கு சார்! சொல்லுங்க சார்!"

"தம்பி, நீங்க இங்க வரவேண்டாம். இது பூரா சதுப்பு நிலம். கால வெச்சா முழங்கால் வரைக்கும் போகும்."

"அருமை சார். எங்க ஆளுங்களுக்கு வறண்ட காடு பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

"மானே கிடையாதுப்பா. ஓநாய்தான் திரியுது."

"ஓநாயா!" பிரென்ட்டின் குரலே மாறிவிட்டது. "சார், அப்ப ஒரு கேமரா கூடுதலா அனுப்பறேன்."

ஆர்லன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இதப் பாரு, எனக்கு உங்க நிகழ்ச்சியே பிடிக்காது. அந்த ஆளைப் பார்த்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். நான் வாயைக் கட்டறவன் இல்லை."

மறுமுனையில் பிரென்ட் மனம் விட்டுச் சிரித்தான். "சார், நீங்க அப்படியே இருங்க. அதான் சார் எங்களுக்கு வேணும்."

போனை வைத்த ஆர்லனுக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு பெரிய விஸ்கான்சினில் இவர்கள் ஏன் என் காட்டைத் தேடி வரவேண்டும்? அப்போதுதான் பொறி தட்டியது.

கிழிகாதன்.

அந்தக் கிடா மானை ஆர்லன் மூன்று வருடமாகப் பின்தொடர்ந்து வந்தார். இடது காது கிழிந்து தொங்கும். கொம்பு, அம்மாடி, ராக்கிங் நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்தது மாதிரி இருக்கும். இந்த வருடம் ஓடையோரம் இருக்கும் ஹெம்லாக் மரத்துப் பரணில் உட்கார்ந்தால் அது தனக்குத்தான் என்று ஆர்லன் கோடைக்காலத்திலேயே முடிவு செய்துவிட்டார். அதைப்பற்றி வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. பனி தள்ளும் லாரியிடம்கூடச் சொன்னதில்லை. உலகத்தில் கிழிகாதனைத் தெரிந்த இன்னொரு மனிதன் லைல் ராஸ்முசன் மட்டும்தான். மார்லிஸின் அண்ணன். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பால்பண்ணைக்காரர். ஆர்லனின் வேட்டைக் கூட்டாளி.

"உங்க அண்ணன்தான்" என்றார் ஆர்லன்.

"என்ன எங்க அண்ணன்?"

"அவன்தான் டிவிக்காரனுக்குச் சொல்லியிருக்கான்."

மார்லிஸ் கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "லைலுக்கு போன்ல நம்பர் அழுத்தவே வராது. என்னைக் கூப்பிடணும்னா டிராக்டர் எடுத்துக்கிட்டு வருவாரு. வாயை மூடிக்கிட்டு மத்த பூட்ஸைக் கழட்டு."

ஆர்லன் கழற்றவில்லை. கழற்றிய பூட்ஸையும் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெவ் நடத்தும் மதுக்கடையில் நல்ல கூட்டம். சீசனுக்கு முந்தைய வாரம் என்றால் ஊரே அங்கேதான் இருக்கும். லைல் வழக்கமான மூலையில் உட்கார்ந்து, வினிகரில் ஊறிய அவித்த முட்டையைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

"வாசனை போறதுக்கு ஸ்ப்ரே அடிக்கிறானாம்! எங்கப்பா மாட்டுக்கொட்டாய்ல இருந்து நேரா காட்டுக்குப் போவாரு. உடம்பு பூரா சாணி. அவரு சுடாத மானா? டிவிக்காரன் எல்லாம் வேட்டைக்காரன் இல்லைப்பா, சேல்ஸ்மேன். மானுக்குப் பதிலா நம்மளச் சுடறான்."

கூட்டம் சிரித்தது.

"அடேங்கப்பா" என்றார் ஆர்லன் பின்னாலிருந்து. "என்னமா நடிக்கிறே, மச்சான்!"

லைல் திரும்பினார். "வா மாப்ளே. முட்டை எடுத்துக்கோ."

"உன் முட்டையைத் தூக்கிக் குப்பையில போடு. கிழிகாதனைப் பத்தி காஷ் டெலானிக்கு யாரு சொன்னது?"

கடையிலிருந்த எல்லாத் தலையும் திரும்பியது. அந்த ஒரே வாக்கியத்தில் தான் இரண்டு ரகசியத்தை உடைத்துவிட்டோம் என்பது ஆர்லனுக்கு உறைக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் உறைத்தது.

"காஷ் டெலானி இங்க வர்றானா?" என்றாள் பெவ்.

"கிழிகாதன்னா யாரு?" என்றார் தபால்காரர்.

லைல் மெதுவாக எழுந்தார். அவர் நல்ல உயரம். எழுந்து முடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

"நான் சொன்னேன்கிறியா?"

"உன்னையும் என்னையும் விட்டா வேற யாருக்குத் தெரியும்? நான் சொல்லலை."

"நீ என் தங்கச்சியைக் கட்டறதுக்கு முன்னாடியிருந்தே உன்கூடக் காட்டுக்கு வர்றேன்" என்றார் லைல். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "காட்டுல நம்பிக்கையான ஆளுன்னு பார்த்துதான் அவளையே குடுத்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் போயிருக்கும்னு நினைக்கிறியா?"

ஆர்லன் அப்போதே 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தார். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா, நினைக்கிறேன்" என்றார்.

லைல் தொப்பியை மாட்டிக்கொண்டார். "சரி. இந்த வருஷம் நான் என் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். நம்ம வேட்டைக் குடிசையில இருக்கிற அடுப்பு என்னுது. காலையில வந்து எடுத்துக்கறேன்."

மறுநாள் வந்து எடுத்துக்கொண்டும் போனார். அடுப்போடு சீட்டுக்கட்டு, நல்ல வாணலி, மான் தொத்திறைச்சி எல்லாம் போயின. காட்டுக் குடிசையில் ஆர்லனுக்கு மிஞ்சியது ஒரு கட்டிலும் ஜன்னல் வழியே வந்த காற்றும்தான். வீட்டில் மார்லிஸ் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். கேக்கை மட்டும் தொடர்ந்து சுட்டாள்.

வெள்ளிக்கிழமை பெவ் தன் கடை வாசல் பலகையில், 'வறுத்த மீன்' என்பதை அழித்துவிட்டு, 'காஷ் டெலானியே வருக! இடம்: ஆர்லன் ஷிமெக் காடு' என்று எழுதி வைத்தாள். ஆர்லன் போய்ச் சண்டை போட்டார். "சரி, எல்லாரும் தப்பாப் போயிடக்கூடாதில்ல?" என்று பெவ் அதன் கீழே வழியையும் எழுதினாள்.

மத்தியானம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டி முழுக்க இலை, கிளை, மரப்பட்டை என்று காடு வரைந்திருந்தார்கள். மானின் கண்ணுக்கு வண்டி தெரியக்கூடாதாம். அந்தக் காட்டின் நடுவே ஆளுயரத்துக்கு காஷ் டெலானியின் முகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

வண்டியிலிருந்து அதே முகம் இறங்கியது. நேரில் கொஞ்சம் குள்ளம். பின்னாலேயே கேமராவைச் சுமந்துகொண்டு, நரைத்த முடியை முடிச்சுப் போட்ட கான்னி என்ற அம்மாள் இறங்கினாள்.

காஷ் ஆர்லனின் கையைப் பிடித்தான். விடவில்லை. "சார்... உங்களைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை சார்."

"பார்த்தாச்சில்ல" என்று கையை உருவினார் ஆர்லன். "உன் வண்டியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது. இந்த மூஞ்சியைப் பார்த்தா எந்த மான் பக்கத்துல வரும்?"

காஷ் கான்னியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் சொன்னேன்ல?" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

திட்டினால் சிரிக்கிற மனிதனை என்ன செய்வது? ஆர்லன் அன்று சாயங்காலம் முழுக்க முயன்று பார்த்தார். சாப்பாட்டு மேஜையில், "போன வருஷம் டெக்சாஸ்ல ஒரு மான் சுட்டியே. சுடும்போது உன் நிழல் இடது பக்கம் விழுந்துச்சு. மான் கிட்ட நடந்து போறப்ப வலது பக்கம். காலையில சுட்டதை எடுக்க சாயங்காலம் வரைக்கும் ஏன்யா ஆச்சு? மதியம் தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

காஷ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அதைக் கவனிச்சீங்களா சார்? கான்னி, கவனிச்சிருக்காரு! எடிட் பண்ணவனே கவனிக்கலை!"

"உனக்கு வெட்கமே இல்லையா?"

"இன்னும் சொல்லுங்க சார். வேற என்ன பிடிக்கலை?"

மார்லிஸ், வீட்டுக்கு வந்தவனை அவமானப்படுத்தியதற்காகக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பால் கலக்காமல் தனியாகச் சுட்ட கேக்கைக் காஷின் தட்டில் வைத்தாள். பிறகு இரண்டு நாளில் முதல்முறையாகக் கணவனிடம் பேசினாள். "நாளைக்கு விருந்தாளிதான் முதல்ல சுடணும். சத்தியம் பண்ணு."

"மார்லிஸ்..."

"பண்ணு."

பண்ணினார். ஆனால் ஆர்லனும் சும்மா இருப்பவர் இல்லை. அவர் காட்டில் பரண்கள் இரண்டு. ஒன்று கிழிகாதனுக்காகப் பார்த்து வைத்த ஹெம்லாக் பரண். இன்னொன்று எல்லையோரம், லைலின் சாணக்குழிக்கு எதிரே இருக்கும் பழைய பலகைப் பரண். அங்கே அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு மானும் வந்ததில்லை. காஷை சாணக்குழிக்கு அனுப்பிவிட்டு, தான் ஹெம்லாக் மரத்தில் ஏறிவிடுவது. விருந்தாளிதான் முதலில் சுடவேண்டும், சரி. சுட ஒன்றும் வராவிட்டால் அதற்கு அவரா பொறுப்பு?

விடியற்காலை காஷைப் பலகைப் பரணில் ஏற்றிவிட்டு, "நல்ல இடம்ப்பா. உட்காரு. நான் அந்தப் பக்கம் போறேன்" என்று திரும்பினார்.

"அய்யோ, நீங்களும் இங்கதான் சார் உட்காரணும்" என்றாள் கான்னி. "படமே உங்க ரெண்டு பேரையும் வெச்சுத்தான்."

"நான் எதுக்கு?"

"நீங்க இல்லாம எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தோம்?"

இப்படியாகத் தன் காட்டிலேயே மகா மட்டமான பரணில், சீசன் தொடக்கத்தன்று, காஷ் டெலானியோடு தோள் உரச உட்கார்ந்தார் ஆர்லன் ஷிமெக். அவருடைய துப்பாக்கி படத்தில் பளபளக்கிறது என்று கான்னி அதை மூலையில் சாய்த்து வைத்துவிட்டாள்.

காஷ் கேமராவைப் பார்த்துக் கிசுகிசுத்தான். "நண்பர்களே, இப்ப நாம வட விஸ்கான்சினோட நட்ட நடுக்காட்டுல..."

"நடுக்காடா? அது என் மச்சானோட சாணக்குழி."

"...இயற்கையோட வாசனை நிறைஞ்ச..."

"சாணி வாசனை."

காஷ் பூட்ஸ் மேல் ஸ்ப்ரே அடித்தான். ஆர்லனால் தாங்கமுடியவில்லை. "காத்து உன் முதுகுல அடிக்குது. என்னத்தை அடிச்சாலும் மான் உன்னை அரை மைலுக்கு அந்தப் பக்கமே மோந்துடும். அயோவால இதே கூத்துதான் பண்ணே. ஒண்ணும் வரலை. கடைசில ஒண்ணைக் காட்டினியே, அது முந்தின வருஷம் காட்டின மான். வலது கொம்புல மூணாவது கிளை உடைஞ்சிருக்கும். ஒரே மானை எத்தனை தடவைய்யா சாகடிப்பே?"

காஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னப்பா, அழறியா?"

"ஒண்ணுமில்லை சார். நான் கேமரா இல்லாம காட்டுக்குள்ள போயி ரொம்ப நாளாச்சு. இந்த வேலையில யாரும் நம்மள உண்மையா பார்க்கறதே இல்லை. எல்லாரும் 'சூப்பர் காஷ்'னு சொல்லிட்டு சேனலை மாத்திடறாங்க."

ஆர்லனுக்கு ஒரு கணம் அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று எரிச்சல் இன்னும் ஏறியது.

அதற்குள் ஹெம்லாக் மரம் இருக்கும் திசையில் கார் கதவுகளைச் சாத்தும் சத்தம் கேட்டது. பேச்சுக் குரல், சிரிப்பு, எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை. பெவ் எழுதிவைத்த வழியைப் பார்த்து ஊர்ச்சனம் காஷ் டெலானியைத் தேடிக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. மேற்கிலிருந்து கிழக்காகத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், அந்தக் காட்டிலிருந்த அத்தனை மானும் நகர்ந்து வந்தன.

முதலில் இரண்டு பெட்டை மான்கள். அப்புறம் ஒரு குட்டி. பிறகு புதர் விலகியது.

கிழிந்த காது. நாற்காலிக் கொம்பு.

சாணக்குழிக்கும் பரணுக்கும் நடுவே, கல்லெறியும் தூரத்தில், பக்கவாட்டில் திரும்பி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சுடலாம்.  மூன்று வருடம். துப்பாக்கி மூலையில். சத்தியம் மார்லிஸிடம்.

காஷ் துப்பாக்கியைத் தூக்கினான். நிதானமாகத்தான் தூக்கினான், அதை ஒப்புக்கொள்ளவேண்டும். பிறகு கேமரா பக்கம் தலையைத் திருப்பி, "நண்பர்களே," என்று கிசுகிசுத்தான், "இந்த மாதிரி ஒரு தருணத்துல நான் நம்பறது ஒண்ணே ஒண்ணைத்தான். என் கால்ல இருக்கிற இந்த வெதுவெதுப்பான, தண்ணி புகாத..."

"சாக்ஸை விட்டுட்டுச் சுடுய்யா!" என்று அலறினார் ஆர்லன்.

சாணக்குழி எதிரொலித்தது. கிழிகாதன் ஒரே தாவலில் ஓடையைத் தாண்டி லைலின் நிலத்துக்குள் மறைந்தது.

காஷ் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. லைல் ஒருபோதும் இரண்டாவது குண்டு வைத்துக்கொள்வதில்லை.

அவர்கள் ஓடை தாண்டிப் போனபோது, லைல் கவிழ்த்துப் போட்ட பால் வாளிமேல் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிழிகாதன். ஊர்ச்சனமும் வந்து சேர்ந்து சுற்றி நின்றது. காஷ் லைலின் கையைக் குலுக்கினான். கான்னி கேமராவைத் தூக்கினாள். 'டிவியில வர்றதுக்கு என் மாட்டுக்கு முத்தம் குடுக்கலாம்' என்று அந்த ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த லைல், முட்டையை வாயில் போட்டு அவசரமாக முழுங்கிவிட்டு, "என் தொப்பி நேரா இருக்கா?" என்று கேட்டார். அதோடு விடவில்லை. கேமரா ஓட ஆரம்பித்ததும் முஷ்டியை ஓங்கி ஆட்டினார்.

ஆர்லனுக்குள் ஏதோ அறுந்தது.

மதுக்கடைக்குப் பின்புறம் மான்களைத் தொங்கவிடும் கட்டை உண்டு. பொழுது சாய்வதற்குள் கிழிகாதன் அங்கே தொங்கியது. ஊர் முழுக்க பிராந்தியும் கையுமாக நின்றது. லைல் அந்த ஒரே குண்டின் கதையை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மான் இன்னும் வேகமாக ஓடியது. மார்லிஸ் கேக் விநியோகித்தாள்.

ஆர்லன் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இது பூரா இவன் போட்ட திட்டம். டிவிக்காரனுக்குச் சொன்னது இவன். என்கூடச் சண்டை போட்டுக்கிட்ட மாதிரி நடிச்சு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது இவன். அடுப்பைத் தூக்கிட்டுப் போனது இவன். நான் அங்க குளிர்ல நடுங்கிக்கிட்டு கண்டவன் கால்ல போட்ட சாக்ஸோட பெருமையைக் கேட்டுக்கிட்டிருக்கேன், இவன் வாளி மேல உட்கார்ந்துக்கிட்டு என் மானைச் சுடறான்!"

"மாப்ளே, போதும்" என்றார் லைல். அவர் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோனது. "நான் சொல்லலை. மானை வேணா நீயே எடுத்துக்கோ. கொம்பை உன் சுவத்துல மாட்டிக்கோ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே."

"ஆர்லன், வீட்டுக்கு வா" என்றாள் மார்லிஸ், தட்டைக் கீழே வைத்துவிட்டு.

"வர்றேன். இவங்களே சொல்லட்டும், அப்புறம் வர்றேன்." ஆர்லன் கான்னியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க ஒருத்தர்தான் இதுல நேரான ஆளாத் தெரியறீங்க. ஊர் முன்னாடி கேட்கறேன். என் பேரையும் என் இடத்தையும் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது யாரு?"

கான்னி காஷைப் பார்த்தாள். காஷ் பூட்ஸைப் பார்த்தான்.

"அது நாளைக்குக் கேமரா முன்னாடி சொல்றதா இருந்தது சார்" என்றாள் அவள் தயக்கத்தோடு. "கேடயம் எல்லாம் செஞ்சு கொண்டுவந்திருக்கோம்."

"என்ன கேடயம்? யாருக்குக் கேடயம்? இப்பவே சொல்லுங்க! இங்கயே சொல்லுங்க! எல்லாரும் கேட்கட்டும்!"

எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பெவ் பிராந்தி ஊற்றுவதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

கான்னி கேமராவைத் தரையில் வைத்தாள்.

"யாரும் காட்டிக்கொடுக்கலை சார், உங்க வீட்டு டிவி கேபிள் பெட்டிதான், யாரு எதைப் பார்க்கறாங்கன்னு அது கம்பெனிக்குச் சொல்லிடும், போன வருஷம் நிகழ்ச்சியையே நிறுத்தறதா இருந்தாங்க, ஒரு வாரம்கூட விடாம, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, பின்னாடி ஓட்டி ஓட்டிப் பார்க்கிற வீடு நாடு பூரா ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும்தான் மனசு மாறினாங்க."